கான் இலக்கம் மூன்று

நகரசபைக் கோப்பில் இது ஓடை இல்லை.
கான் இலக்கம் மூன்று.
கானுக்கு மீன் தேவையில்லை,
கரை தேவையில்லை,
இத்தனை அடி விலகிக் கட்டு என்று
யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

காலை ஆறேகாலுக்கு நானும் பஸ்மியாவும்
அட்டன் நகரத்துக்கு மேலே, பைனஸ் காட்டடியில் இறங்குகிறோம்.
வெள்ளைத் தட்டு, கைவலை, பதினாலு போத்தல்,
அவள் மகன் பாதியில் விட்ட கணக்குக் கொப்பி.

முதலாம் இடம்.
கல்லைப் புரட்டினால்
ஒட்டிக்கொண்டு மூன்று வால் குடம்பிகள்.
மணலைப் பொறுக்கி வீடு தைத்து
வீட்டையே இழுத்துக்கொண்டு நடக்கிற இன்னொன்று.
பிராணவாயு ஏழு தசம் ஒன்பது.
எண்ணி முடிவதற்குள் என் காலில் மூன்று அட்டை.
பஸ்மியா அவற்றையும் எழுதுகிறாள், வேறு நிரலில்.

இரண்டு, பீலிக்கரைக்குக் கீழே.
சவர்க்கார நுரை கொஞ்சம், சிரிப்பு நிறைய.
"தண்ணிக்கு என்ன வருத்தம், நாடி பாக்குறீங்க?"
மூன்றில் லீக்ஸ் கழுவுகிறார்கள்.
நான்கில் வேன் கழுவுகிறார்கள்.
தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறம்,
பார்க்க அழகு.
அழகுக்குப் படிவத்தில் நிரல் இல்லை.

ஐந்து, பஸ் தரிப்பிடத்துப் பாலம்.
வலை முழுக்கச் சிவப்புப் புழு,
மூச்சில்லாத சேற்றில்
இரத்தத்துக்குள் மூச்சைச் சேமிக்கத் தெரிந்தவை.
அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை.
பிராணவாயு ஒன்று தசம் நான்கு.
கருவி பழுதோ என்று தட்டிப் பார்த்தேன்.
கருவி சரி.

நீரேந்துப் பகுதி என்கிறது படிவம்.
பிள்ளையை ஏந்துவதும் ஏந்துவதுதான்,
தெருவில் கையேந்துவதும் ஏந்துவதுதான்.
மேலே முதலாவதைச் செய்கிற மலை
பாலத்தடிக்கு வரும்போது இரண்டாவதைச் செய்கிறது.

எல்லைக் கோட்டை நானே வரைந்தேன்.
மழை எந்தப் பக்கம் உருளும் என்று பார்த்துப் பார்த்து
முகடு முகடாகப் பென்சிலை நகர்த்தினேன்.
கோயில் உள்ளே. பள்ளிவாசல் உள்ளே.
டிஸ்பென்சரி பாதி உள்ளே.
பென்சில் ஒரு தகரக் கூரைக்குப் பின்னால் போனது.
எங்கள் வீடும் உள்ளே.

குழாய் எண்ணுவது வியாழக்கிழமை வேலை.
ஓடைக்குள் வாய் திறந்தவை முப்பத்தொன்று.
பதினெட்டாவது நீலம்,
முழங்கையில் சைக்கிள் டியூப் சுற்றியது.
சுற்றியது நான்தான்,
போன மார்கழியில், டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
குழி வெட்ட எங்களுக்கு நிலமில்லை,
சுவருக்கு அப்பால் பாறை.
காரணத்துக்கும் நிரல் இல்லை.
பஸ்மியா பேனையைத் தூக்கிப் பிடித்தபடி
கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
எழுதட்டுமா என்று கேட்கவில்லை.
"நீலம்," என்றேன். "நாலு அங்குலம்.
வீட்டு இலக்கத்தையும் போடு."

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்,
கானுக்கு எதற்கம்மா இவ்வளவு கணக்கு?
பைனஸ் காட்டுப் போத்தலையும்
பாலத்தடிப் போத்தலையும் மேசையில் வைத்தேன்.
ஒரே தண்ணீர். இடையில் நாற்பது நிமிட நடை.
அவர் இரண்டாவதைத் தன் தேநீர்க் கோப்பையிலிருந்து
மெதுவாகத் தள்ளி வைத்தார்.
வேன் கழுவும் இடத்துக்கு எண்ணெய்த் தொட்டி, மூன்று மாதத் தவணை.
எங்கள் பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுக்குழி,
நிதி வந்தால்.
பெயர் மாற்றம், அடுத்த கூட்டத்துக்கு.
வெளியே வந்ததும் பஸ்மியா
கொப்பி அட்டையில் கான் என்பதை வெட்டினாள்.
வெட்டிய இடத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

ஐப்பசி.
லீக்ஸ்காரர்கள் எட்டடி பின்வாங்கிக்
கரையில் புல் நட்டிருக்கிறார்கள்,
நாங்கள் சொன்னதற்காக அல்ல,
போன வெள்ளம் இரண்டு பாத்தியைத் தின்றதற்காக.
மூன்றாம் இடத்துத் தட்டில்
ஒரேயொரு மூன்று வால் குடம்பி.
வாழ வந்ததா,
மேலிருந்து அடித்துக்கொண்டு வந்ததா,
அதன் முகத்தில் தெரியவில்லை.
ஒன்று என்று எழுதிப்
பக்கத்தில் கேள்விக்குறி போட்டோம்.
மை கரையத் தொடங்கியது.
நான்காம் இடத்தை நாளைக்கு வைத்தோம்.